பக் மூடியாச்சா?

ரிலீஸுக்கு முந்தைய ரிவ்யூவில் வரும் கேள்வி பார்க்க எளிமையாகத்தான் இருக்கும்: “இந்த ரிக்வயர்மென்டுக்கு டெஸ்ட் எழுதியாச்சா? அந்த டெஸ்டில் வந்த பக் மூடியாச்சா?” ரிக்வயர்மென்ட் (மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்ற வரையறை) டோர்ஸ் என்ற டூலில் இருக்கிறது, டெஸ்ட் கேஸ் வேறொரு டூலில், பக் ஜிரா என்ற டூலில், கோட் கிட் என்ற டூலில். ஆகவே யாரோ ஒருவர் முந்தின இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றிலிருந்தும் எக்ஸ்போர்ட் எடுத்து, ஐடியை வைத்துப் பொருத்தி ஓர் எக்செல் ஷீட் தயாரித்திருப்பார். டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர். காலையில் மீட்டிங் தொடங்குவதற்குள் நான்கு பக்கின் நிலை மாறியிருக்கும், ஷீட் மாறியிருக்காது. கார் மென்பொருளுக்கு ஐஎஸ்ஓ 26262, விமான மென்பொருளுக்கு டிஓ-178சி என்று இந்தத் தொடர்பைக் காட்டியே தீரவேண்டிய துறைகளிலும், ஆடிட்டர் கையில் கொடுக்கப்படுவது பல இடங்களில் இப்படி ராத்திரி தயாரான ஷீட்தான்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தவறாமல் வரும்: “எல்லா டூலுக்கும் ரெஸ்ட் ஏபிஐ இருக்கே, ரெண்டு நாள்ல ஸ்கிரிப்ட் எழுதிடலாம்.” பாதி சரி என்பதால்தான் இந்தக் கருத்து சாகவே மாட்டேன் என்கிறது. ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் டூலோடு பேசும் வாசல், இருக்கிறது; ஸ்கிரிப்டும் இரண்டு நாளில் ஓடும். மூன்றாவது மாதம் என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. டூல்களை இணைப்பதற்கான ஓஎஸ்எல்சி என்கிற பொதுத் தரத்தின் அருமையும் அதன் எரிச்சலும் புரிய, அந்த மூன்றாவது மாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நகல் எடுக்கும் வழி

ஸ்கிரிப்ட் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சிங்க்தான். இங்கே இருப்பதை அங்கே நகலெடுப்பது, அங்கே மாறினால் இங்கே மாற்றுவது. 7 டூல் இருந்தால் 21 ஜோடி. இரு திசையிலும் என்றால் 42 மேப்பிங். எல்லா ஜோடியும் தேவைப்படாதுதான். ஆனால் தேவைப்படும் எட்டோ பத்தோ ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆள் எழுதியதாக, ஒவ்வொரு மொழியில் இருக்கும். எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

முதலில் வரும் தொல்லை எதிரொலி. ஜிராவில் தலைப்பை மாற்றினால் வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் தானாகப் போகும் அறிவிப்பு) கிளம்பி அடுத்த டூலில் எழுதும். அந்த எழுத்து அங்கே ஒரு வெப்ஹூக்கைக் கிளப்பி, இங்கே திரும்ப வந்து எழுதும். சிங்க்குக்கென்று தனி யூசர் கணக்கு வைத்து, அந்த யூசர் செய்த மாற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது வழக்கமான மருந்து. யாராவது ஓர் ஆட்டோமேஷன் விதி எழுதி, சிங்க் செய்த மாற்றத்தைப் பார்த்து அது இன்னொரு ஃபீல்டை வேறு யூசர் பெயரில் மாற்றத் தொடங்கும்வரை அந்த மருந்து கேட்கும். அடுத்தது ரிச் டெக்ஸ்ட். ஒரு பக்கம் எச்டிஎம்எல், மறுபக்கம் மார்க்டவுன். எச்டிஎம்எல் அட்டவணையில் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கலாம். மார்க்டவுன் அட்டவணையில் அதற்கு வழியில்லை. அந்த அட்டவணை ஒருமுறை போய்த் திரும்பினால் தட்டையாகி வரும், வந்ததும் மூலத்தின் மேலேயே எழுதப்படும். நகல் கெட்டால் பரவாயில்லை, மூலமே கெட்டுப்போகிறது. மூன்றாவதுதான் பயங்கரம். ஒரு பொருள் அழிக்கப்பட்டாலும், அதைப் பார்க்கும் அனுமதி சிங்க் யூசரிடமிருந்து பறிபோனாலும், பல டூல்கள் ‘கிடைக்கவில்லை’ என்று பொருள்படும் ஒரே 404-ஐத்தான் பதிலாகத் தருகின்றன. 404 என்றால் அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட ஸ்கிரிப்ட், யாரோ ஒரு ப்ராஜெக்டின் பர்மிஷனைத் திருத்திய அன்றிரவு மறுபக்கத்தில் மொத்தத்தையும் துடைத்துவிடும்.

மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ஒரு பொருளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இணைக்கும் வழி

2008-இல் ஐபிஎம்மின் ரேஷனல் பிரிவு தன் ஜாஸ் டூல்களை ஒட்டித் தொடங்கிய முயற்சிதான் ஓஎஸ்எல்சி. டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் எழுதிவைத்த லிங்க்டு டேட்டா விதிகளை அது அப்படியே எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எச்டிடிபி முகவரி கொடு, அந்த முகவரிக்குப் போனால் உருப்படியான தகவல் கிடைக்கட்டும், அதிலிருந்து மற்றப் பொருள்களுக்கு இணைப்பு இருக்கட்டும். கோர் 2.0 வந்தது 2010-இல். 2013-இல் வேலை ஓயாசிஸ் என்ற தர அமைப்புக்கு மாறியது, கோர் 3.0 அங்கே 2021-இல் முழுத் தரமாக ஏற்கப்பட்டது. இடையில் 2015-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட லிங்க்டு டேட்டா ப்ளாட்ஃபார்மும் இதே குடும்பம்தான். வரலாறு இவ்வளவு போதும்.

இதன்படி பக் டூலில் ரிக்வயர்மென்டின் நகல் இருக்காது, முகவரி மட்டும் இருக்கும். முகவரியைக் கண்டுபிடிக்கும் பாதையும் வகுக்கப்பட்டிருக்கிறது. டூலின் கேட்டலாக்கைக் கேட்டால் அதிலுள்ள சர்வீஸ் ப்ரொவைடர்கள் பட்டியல் வரும். பொதுவாக ஒரு ப்ராஜெக்டுக்கு ஒன்று. ஒவ்வொரு ப்ரொவைடரும் தன்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லும்: புதிதாக ஒன்றை உருவாக்க போஸ்ட் செய்யவேண்டிய முகவரி, தேடுவதற்கான முகவரி, தேர்ந்தெடுக்கும் டயலாக், உருவாக்கும் டயலாக். எந்தப் பொருளில் எந்தப் பண்புகள், எது கட்டாயம், எது ஒன்றுக்கு மேல் வரலாம் என்பதை ரிசோர்ஸ் ஷேப் சொல்லும். ஜாஸ் உலகில் இந்தப் பாதையின் முதல் படி ரூட்சர்வீசஸ் என்ற ஆவணம். அது தரத்தில் இல்லாத ஒரு மரபு, ஆனால் அந்தப் பக்கத்து டூல்களோடு பேச வேண்டுமென்றால் அது இல்லாமல் கதவே திறக்காது. அடாப்டர், அதாவது ஒரு டூலை ஓஎஸ்எல்சி பேசவைக்கும் இடைநிரல், எழுதும் பலர் முதல் நாளை இதில் தொலைக்கிறார்கள்.

டயலாக்தான் இதில் அழகான யோசனை. பக் பக்கத்தில் “ரிக்வயர்மென்டை இணை” என்று அழுத்தினால், ரிக்வயர்மென்ட் டூலின் தேடல் திரை ஒரு ஐஃப்ரேமுக்குள் திறக்கும். தேடல், வடிகட்டல், அனுமதி எல்லாம் அந்த டூலின் பொறுப்பு. யூசர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் உள்ளே இருக்கும் பக்கம் வெளிப்பக்கத்துக்குப் போஸ்ட்மெசேஜ் வழியாக ஒரே ஒரு செய்தி அனுப்பும்: முகவரி ஒன்று, அதற்குரிய பெயர் ஒன்று. பக் டூல் அதை மட்டும் சேமித்துக்கொள்ளும். ரிக்வயர்மென்ட் டூலில் 40 ஃபீல்டு இருந்தாலும் 400 இருந்தாலும் பக் டூலுக்குக் கவலையில்லை. பின்னர் அந்த இணைப்பின்மேல் மௌஸை வைத்தால் ஒரு சின்ன முன்னோட்டம் எட்டிப் பார்க்கும். அதுவும் மூல டூல் வரைந்து தருவதுதான்.

ஆறு ஆம்-இல்லை

இணைப்பு இருந்துவிட்டால் மட்டும் “மூடியாச்சா” என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடாது. எல்லாப் பொதுத் தர முயற்சிகளும் தடுக்கி விழும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒவ்வொரு அணியும் பக்குக்குத் தனக்கென்று ஒரு ஸ்டேட்டஸ் வரிசை வைத்திருக்கும். ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 18. “டெவ் டன்”, “ரெடி ஃபார் க்யூஏ”, “பார்க்டு”, “கிளையன்ட் பதிலுக்காக” என்று அவை நீளும். தரம் எழுத உட்காருபவர்களுக்கு வரும் முதல் ஆசை, உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு ஸ்டேட்டஸ் பட்டியல் போட்டுவிடலாம் என்பது. அப்படிப் போட்ட பட்டியல் எந்த அணிக்கும் பொருந்தாது. தங்கள் ஒர்க்ஃப்ளோவை யாரும் அதற்காக மாற்றவும் மாட்டார்கள். இரண்டாவது ஆசை, மேப்பிங் அட்டவணை. இந்த டூலின் 18-ஐ அந்த டூலின் 7-க்குப் பொருத்துவது. ஒரு ஸ்டேட்டஸ் புதிதாகச் சேர்ந்த அன்றே அது பொய்யாகிவிடும்.

ஓஎஸ்எல்சியின் சேஞ்ச் மேனேஜ்மென்ட் தரம் இரண்டையும் செய்யவில்லை. உன் ஸ்டேட்டஸின் பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், மனிதர்கள் படிப்பதற்காக அதை ஒரு சரமாகக் கொடு என்று விட்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஆறு ஆம்-இல்லைப் பண்புகளை வைத்தது: மூடப்பட்டதா, வேலை நடக்கிறதா, சரிசெய்யப்பட்டதா, ஒப்புதல் கிடைத்ததா, மறுஆய்வு ஆனதா, சரிபார்க்கப்பட்டதா. குளோஸ்டு, இன்ப்ராக்ரஸ், ஃபிக்ஸ்டு, அப்ரூவ்டு, ரிவ்யூடு, வெரிஃபைடு. இவற்றைப் படிக்க மட்டுமே முடியும். நிலையை மாற்றும் உரிமை மூல டூலின் ஒர்க்ஃப்ளோவிடமே இருக்கிறது. கேட்பவருக்கு எப்படியும் பதினெட்டுப் பெயர்களில் அக்கறை இல்லை, “ரிலீஸைத் தடுக்குமா” என்றுதான் தெரியவேண்டும். தேடலில் “குளோஸ்டு = ஃபால்ஸ்” என்று ஒரு நிபந்தனை போட்டால், எந்த அணியின் எந்த ஒர்க்ஃப்ளோவாக இருந்தாலும் திறந்திருக்கும் பக் எல்லாம் வந்துவிடும்.

ஆறு பண்பும் பார்ப்பதற்கு இட்லி மாதிரி எளிது. நிரப்பும்போதுதான் கணக்கு உதைக்கும். பக்ஸில்லா என்ற பக் டூலை எடுத்துக்கொள்ளலாம், ஓஎஸ்எல்சி அடாப்டர் எழுத உதவும் எக்ளிப்ஸ் லியோ திட்டத்தின் பயிற்சி அடாப்டர் அதற்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பக்ஸில்லாவில் ஒரு பக் “ரிசால்வ்டு, ஃபிக்ஸ்டு” என்று நிற்கிறது. அது மூடப்பட்டதா? பத்தில் எட்டு அடாப்டர்காரர்கள் ‘ஆம்’ என்று போட்டுவிடுவார்கள். தரம் குளோஸ்டு என்பதற்குத் தரும் பொருள், வேலை முழுக்க முடிந்தது, இனித் திருத்தமோ திருத்தத்தைச் சரிபார்க்கும் வேலையோ பாக்கியில்லை என்பது. டெவலப்பர் சரிசெய்துவிட்டார், டெஸ்டர் இன்னும் பார்க்கவில்லை என்றால் ஃபிக்ஸ்டு ‘ஆம்’, வெரிஃபைடு ‘இல்லை’, குளோஸ்டும் ‘இல்லை’. “வெரிஃபைடு” நிலைக்குப் போனபிறகுதான் மூன்றும் ‘ஆம்’. “ரிசால்வ்டு, ஒன்ட்ஃபிக்ஸ்” (சரிசெய்யப்போவதில்லை) என்றால் குளோஸ்டு ‘ஆம்’, ஃபிக்ஸ்டு ‘இல்லை’. இந்தக் கடைசி வகையைத் தவறவிட்டால் ரிப்போர்ட்டில் கைவிடப்பட்ட பக் எல்லாம் சரிசெய்யப்பட்டதாக வந்து நிற்கும், அதுவும் பச்சை நிறத்தில். சரிபார்க்கும் படியே இல்லாத அணி என்றால் “ரிசால்வ்டு” வந்ததுமே குளோஸ்டு ‘ஆம்’ ஆகலாம். அந்த முடிவை அணியிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அடாப்டர் எழுதுபவர் ஊகிக்கக்கூடாது.

ஜிராவில் இதே பொறி வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே எத்தனை ஸ்டேட்டஸ் வைத்தாலும் அவை டு டூ, இன் ப்ராக்ரஸ், டன் என்ற மூன்று வகைகளில் ஒன்றுக்குள் வரும். டன் வகையைப் பார்த்து ஃபிக்ஸ்டு ‘ஆம்’ என்று போட ஆசை வரும். போடக்கூடாது, ரெசல்யூஷன் ஃபீல்டைப் பார்க்காமல் ஃபிக்ஸ்டைத் தீர்மானிக்க முடியாது. கிட்ஹப்பிலும் இஷ்யூ மூடப்பட்டது என்றால் முடிந்தது என்றும் இருக்கலாம், ‘திட்டத்தில் இல்லை’ என்றும் இருக்கலாம். இன்னொரு விதி: இன்ப்ராக்ரஸ் ‘ஆம்’ என்றால் ஃபிக்ஸ்டும் குளோஸ்டும் ‘இல்லை’யாகத்தான் இருக்க வேண்டும். இதை அடாப்டரின் யூனிட் டெஸ்டில் முதல் வரியாகவே எழுதிவிடுவது நல்லது. உங்கள் டூலில் மறுஆய்வு என்ற ஒன்றே இல்லையென்றால் ரிவ்யூடு பண்புக்கு ‘இல்லை’ என்று பதில் தராமல், அந்தப் பண்பையே விட்டுவிடுங்கள். ஆறும் கட்டாயமில்லாதவை. “மறுஆய்வு ஆகவில்லை” என்பதும் “அப்படி ஒரு படியே எங்களிடம் இல்லை” என்பதும் ஆடிட்டரின் பார்வையில் வேறு வேறு.

இந்தத் தரத்தில் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இந்த ஆறு வரியைத்தான் காட்டலாம். அடாப்டர் எழுதும் நேரத்தில் கோட் எழுதச் செலவாவது கொஞ்சம். ‘மூடியாச்சு’ என்ற சொல்லுக்கு உங்கள் அணியில் என்ன பொருள் என்று நான்கு பேரை உட்காரவைத்துப் பேசுவதில்தான் மீதி போகும். ஸ்கிரிப்டில் அந்தப் பேச்சை ஒத்திப்போட முடிந்தது. இங்கே முடிவதில்லை.

எங்கே உடைகிறது

டயலாக் அழகு என்றேனல்லவா, உற்பத்தியில், அதாவது நிஜப் பயன்பாட்டில், முதலில் உடைவதும் அதுதான். 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது, சேம்சைட் பண்பு குறிப்பிடாத குக்கிகளை லேக்ஸ் (வேறு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் அனுப்பப்படாதவை) என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அடுத்த மாதமே சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுக்க நிறுத்தியது. ஐஃப்ரேமுக்குள் இருக்கும் டூல் வேறு டொமைனில் இருந்தால் அதன் செஷன் குக்கி போகாது. யூசர் எத்தனை முறை லாகின் செய்தாலும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். சேம்சைட்டை ‘நன்’ (None) என்று வைத்து, கூடவே செக்யூர் என்று குறித்தால் குரோமில் சரியாகும். சஃபாரிக்கு அது போதாது. எல்லா டூலையும் ஒரே தாய் டொமைனின் கீழ் கொண்டுவருவதுதான் நிலையான தீர்வு. குக்கியைச் சரிசெய்தபின் அடுத்த தடை ஃப்ரேம் தலைப்புகள் (சர்வர் தன் பதிலோடு அனுப்பும் ஹெடர்கள்). எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் தலைப்பில் சேம்ஆரிஜின் என்று இருந்தால் டயலாக் வெள்ளைத் திரையாக நிற்கும். அதை எடுத்துவிட்டு, சிஎஸ்பி என்ற பாதுகாப்புத் தலைப்பின் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸில் இணைக்கும் டூலின் முகவரியை மட்டும் சேர்க்கவேண்டும். அவசரத்தில் எல்லாரையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறி போட்டுவிட்டுப் போகாதீர்கள். செய்தியைப் பெறும் பக்கமும் அது எந்த ஆரிஜினிலிருந்து வந்தது என்று பார்க்காமல் நம்பக்கூடாது.

இரண்டாவது உடைப்பு சத்தமில்லாதது, அதனாலேயே மோசமானது. ஓஎஸ்எல்சியில் புட் என்றால் மொத்தப் பொருளையும் மாற்றி எழுதுவது. ஓர் அடாப்டர் பக்கைக் கெட் செய்து (அதாவது படித்து) தன் கிளாஸுக்குள் ஏற்றிக்கொள்கிறது. கிளாஸில் 12 ஃபீல்டு, வந்த ஆர்டிஎஃப்பில் (ஓஎஸ்எல்சி தகவல் அனுப்பும் வடிவம்) 30 பண்பு. தெரியாத 18 பண்பும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. ஒரு தலைப்பை மாற்றித் திரும்பப் புட் செய்கிறது. அந்த 18-ம் காலி. மாற்றம் வெற்றி என்று 200 வரும். கிளையன்ட் தனக்குத் தெரியாத பண்புகளைப் பத்திரமாகத் திருப்பிக்கொடுக்க வேண்டும் என்று தரமே கட்டாயமாக்கியிருப்பது இதற்காகத்தான். லியோவின் அடிப்படை ரிசோர்ஸ் கிளாஸில் கூடுதல் பண்புகளை வைத்துக்கொள்ள ஒரு மேப் உண்டு. சொந்தமாக எழுதுபவர்கள் அதற்கு ஈடாக ஒன்றைச் செய்யவேண்டும். கூடவே இஃப்-மேட்ச் தலைப்பில் முன்பு கிடைத்த ஈடேக்கை (பொருளின் அப்போதைய நிலையைக் குறிக்கும் அடையாளம்) அனுப்பவும் வேண்டும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் 412 வரும். அப்போது திரும்ப கெட் செய்து, தன் மாற்றத்தை அதன்மேல் வைத்து, மறுபடி புட் செய்யவேண்டும். 412 வந்ததும் ஈடேக்கைத் தூக்கிவிட்டு முயலும் கோடைக் கண்டால், அதை எழுதியவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுங்கள்.

டூல்கள் தங்களுக்குள் அனுமதியைச் சரிபார்க்கும் ஓஆத் 1.0ஏ முறை இன்னும் பழைய நிறுவல்களில் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு கோரிக்கையின் டிஜிட்டல் கையெழுத்தும் முகவரியையும் சேர்த்துப் போடப்படுவதால், ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு (சர்வருக்கு முன்னால் நிற்கும் இடைச் சர்வர்) வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே வெறும் எச்டிடிபி என்று இருந்தால் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது; அனுமதி இல்லை என்று 401 வரும், காரணம் எந்த லாகிலும் ஒழுங்காக இருக்காது. சர்வர் கடிகாரம் சில நிமிடம் தள்ளியிருந்தாலும் இதே 401தான். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், அது மலிவு.

முகவரிதான் ஒப்பந்தம் என்பதால், முகவரியைத் தேர்ந்தெடுப்பது நிறுவலின் முதல் நாள் வேலை. சர்வரின் பெயரையோ டூலின் பெயரையோ அதில் வைக்காதீர்கள். ரெக் என்றோ டெஸ்ட் என்றோ வேலையைச் சொல்லும் ஒரு டிஎன்எஸ் பெயர், முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி, போர்ட் எண் வெளியே தெரியக்கூடாது. இயந்திரத்தின் பெயர் முகவரிக்குள் போய், இரண்டு லட்சம் இணைப்பு மற்ற டூல்களில் பதிந்தபின் அந்த இயந்திரத்தை மாற்றவேண்டி வந்தால், மாற்றவேண்டியது உங்கள் டேட்டாபேஸை மட்டுமில்லை. உங்களைச் சுட்டும் அத்தனை டூலின் டேட்டாபேஸையும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். டெஸ்ட் சூழலுக்கு உற்பத்தியின் பேக்கப்பை எடுத்து ஏற்றும்போதும் இதே சிக்கல் தலைகாட்டும். டெஸ்டில் இருக்கும் இணைப்பை அழுத்தினால் உற்பத்தி சர்வர் திறக்கும். அங்கே யாராவது எதையாவது அழித்தும் தொலைப்பார்கள்.

இரு முனையும் ஒரு முனையும்

இணைப்பை யார் சேமிப்பது என்ற கேள்வி சின்னதாகத் தெரியும். பக்கிலிருந்து ரிக்வயர்மென்டுக்கும், ரிக்வயர்மென்டிலிருந்து பக்குக்கும் போக வேண்டும் என்பதால், ஆரம்ப காலத்தில் இரண்டு பக்கமும் சேமித்தார்கள். அது இரண்டு புட். முதலாவது வெற்றி, இரண்டாவது நெட்வொர்க்கில் விழுந்தது என்றால் ஒற்றைக்கால் இணைப்பு. ஒரு முனையை மட்டும் ஒருவர் அழித்தாலும் அதே கதி. சில வருடங்கள் ஓடியபின் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை ஒத்துப்போகாது. சொந்தக்காரர் இரண்டு ஆகக்கூடாது என்று தொடங்கியவர்கள் இணைப்பில் அதே தப்பைச் செய்தது வேடிக்கைதான்.

வெர்ஷன் என்ற விஷயம் உள்ளே வந்ததும் இதற்கு முடிவு கட்டியே ஆகவேண்டியதாயிற்று. ஒரு கார்க் கன்ட்ரோலரின் மென்பொருள் மூன்று மாடல்களுக்கு மூன்று விதமாகக் கிளைத்து நிற்கிறது. ஒரே ரிக்வயர்மென்ட், ஒரு கிளையில் 50 மில்லிசெகண்ட் என்கிறது, இன்னொன்றில் 80. டெஸ்ட் கேஸிலிருந்து அதற்குப் போகும் இணைப்பு எந்த வெர்ஷனைச் சுட்டும்? ஓஎஸ்எல்சியின் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் தரம் சொல்லும் வழி: இணைப்பு வெர்ஷன் இல்லாத கருத்து முகவரியைத்தான் சுட்டும். எந்த வெர்ஷன் என்பதைக் கேட்பவர், கான்ஃபிகரேஷன்-கான்டெக்ஸ்ட் என்ற எச்டிடிபி தலைப்பிலோ முகவரியின் பின்னே ஒரு பராமீட்டரிலோ சொல்ல வேண்டும். மாறிக்கொண்டே இருப்பது ஸ்ட்ரீம், உறையவைத்தது பேஸ்லைன். பல டூல்களின் ஸ்ட்ரீம்களைக் கோத்து வைப்பது குளோபல் கான்ஃபிகரேஷன்.

ரிக்வயர்மென்ட் பேஸ்லைனாக உறைந்தபின்னும் டெஸ்ட் கேஸ் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். உறைந்த பொருளில் புது இணைப்பை எழுத முடியாது. ஆகவே பின்னால் பிறக்கும் பொருள் இணைப்பைச் சுமக்கும்: டெஸ்ட் கேஸ் “இந்த ரிக்வயர்மென்டைச் சரிபார்க்கிறேன்” என்று தன்னிடம் எழுதிக்கொள்ளும். ரிக்வயர்மென்ட் பக்கம் திறக்கும்போது “என்னைச் சுட்டுவது யார்” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும், எதையும் சேமிக்காது. இங்கே அடாப்டர்கள் செய்யும் தப்பு, கான்டெக்ஸ்ட் தலைப்பை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விடுவது. டெமோவில் ஒரே ஸ்ட்ரீம் என்பதால் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டாவது ஸ்ட்ரீம் வந்த அன்று 80 வரவேண்டிய இடத்தில் 50 வரும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். கேஷ் (பதிலைச் சேமித்துவைத்துத் திரும்பத் தருவது) இன்னொரு குழி. கான்டெக்ஸ்ட் தலைப்பில் வருகிறது, முகவரி ஒன்றே. பதில் கான்டெக்ஸ்டைப் பொறுத்து மாறும் என்று சொல்லும் வேரி தலைப்பைப் பதிலில் சேர்க்கவில்லை என்றால் நடுவில் இருக்கும் ப்ராக்ஸி ஒரு கிளையின் பதிலை இன்னொரு கிளைக்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

நகல் வேண்டிய இடங்கள்

எல்லாவற்றையும் இணைப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பத்தாயிரம் ரிக்வயர்மென்டில் எத்தனைக்கு டெஸ்ட் இல்லை என்ற ரிப்போர்ட்டுக்கு, பத்தாயிரம் முகவரியையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்க முடியாது. அதற்கு ஓர் அட்டவணை வேண்டும், அதாவது நகல் வேண்டும். டிஆர்எஸ் என்கிற ட்ராக்டு ரிசோர்ஸ் செட் அதற்கான பகுதி. டூல் இரண்டு பட்டியல் தரும். ஒன்று பேஸ், இந்த நேரம்வரை என்னிடம் இருந்த பொருள்களின் முகவரிகள். மற்றொன்று சேஞ்ச் லாக், அதன்பின் உருவானவை, மாறியவை, அழிந்தவை, ஏறிச்செல்லும் வரிசை எண்ணோடு. பேஸில் ஒரு வெட்டுப்புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். படிப்பவர் பேஸை ஏற்றிக்கொண்டு, லாகில் அந்தப் புள்ளிக்குப் பிந்தையதை மட்டும் படித்தால் போதும். அழிந்தது என்று லாக் வாய்திறந்து சொல்வதால் 404-ஐ வைத்து ஊகிக்கும் அவலம் போய்விடுகிறது. தவறு நடப்பது லாகைச் சுருக்கும்போது. பேஸைப் புதுப்பிக்காமல், அல்லது வெட்டுப்புள்ளியை நகர்த்தாமல் லாகின் பழைய பக்கங்களைத் தூக்கினால், படிப்பவருக்குத் தான் கடைசியாக நின்ற இடம் கிடைக்காது. முழுப் பேஸையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். லட்சக்கணக்கான பொருள் என்றால் அது ஒரு வார இறுதி வேலை. இது ஒருவழி நகல் என்பதும் முக்கியம்: அட்டவணையிலிருந்து யாரும் மூலத்துக்குத் திரும்ப எழுதுவதில்லை.

நிறுவன எல்லையைத் தாண்டும்போதும் நகல்தான். கார் நிறுவனம் தன் ரிக்வயர்மென்ட் சர்வரை உதிரிபாக சப்ளையருக்குத் திறந்துவிடாது. அங்கே ரெக்ஐஎஃப் கோப்புதான் போய்வரும். ஜெர்மன் கார்த் தொழிலில் பிறந்து, ஓஎம்ஜி என்ற அமைப்பின் தரமாக ஆன கோப்பு வடிவம் அது. ஓஎஸ்எல்சிக்கு அது போட்டியில்லை, வேறு வேலைக்கு வேறு கருவி.

மேகத்தில் பிறந்த புதிய டூல்கள் பலவும் ஓஎஸ்எல்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்டிஎஃப் என்றதும் ஓடுகிற டெவலப்பர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு இணைப்புக்குப் பெயர் ஒட்டுவதற்கு 2.0-இன் எக்ஸ்எம்எல் வடிவில் படவேண்டிய பாட்டைப் பார்த்தால் யாருக்கும் அலுப்பு வரும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் ரெட் ஹாட்டோடும் கோட்என்வியோடும் சேர்ந்து அறிவித்த லேங்வேஜ் சர்வர் ப்ரோட்டோகால், கோட் எடிட்டர்களும் நிரல்மொழிக் கருவிகளும் பேசிக்கொள்ளும் பொது முறை, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் இணைப்பு என்ற இதே பெருக்கல் கணக்கைக் கூட்டலாக்கி எடிட்டர் உலகம் முழுக்கப் பரவியது. ஜேசன், சின்னச் சின்னச் செய்திகள், ஒரு மாலையில் ஓர் எடுத்துக்காட்டை ஓட்டிவிடலாம். ஓஎஸ்எல்சியில் அந்த முதல் மாலை நீண்டுகொண்டே போகிறது. ஆனால் எடிட்டர் மூடினால் லேங்வேஜ் சர்வரின் உறவு முடிந்துவிடும். ஒரு ரிக்வயர்மென்டுக்கும் டெஸ்டுக்கும் உள்ள உறவு, அந்தக் கார் சாலையில் ஓடும் பதினைந்து வருடமும் இருக்க வேண்டும். அந்த எடை தரத்தின் மேலும் ஏறியிருக்கிறது.

அடாப்டர் தயார் என்று யாராவது சொன்னால் மூன்று சோதனை போதும். முதலாவது, ஒரு பக்கில் அடாப்டருக்குத் தெரியாத ஒரு கஸ்டம் ஃபீல்டை நிரப்பிவிட்டு, அடாப்டர் வழியாகத் தலைப்பை மாற்றி, அந்த ஃபீல்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ஒரு பக்கை ‘சரிசெய்யப்போவதில்லை’ என்று மூடி, ஃபிக்ஸ்டு பண்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூன்றாவதாக ரிக்வயர்மென்ட் சர்வரை நிறுத்திவிட்டு, அதனோடு இணைந்த பக்கின் பக்கத்தைத் திறங்கள். இணைப்பு, கோத்த அன்று சேமித்த பெயரோடு, எப்போதும்போல் உடனே தெரிய வேண்டும். மௌஸ் வைத்தால் வரும் முன்னோட்டம் மட்டும் வராமல் போகலாம். பக்கமே 30 நொடி சுற்றிக்கொண்டு நின்றால், அடாப்டர் பக்கத்தை வரையும்போதே ஒவ்வோர் இணைப்பின் பெயரையும் அடுத்த சர்வரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை ப்ரௌசருக்கு, மௌஸ் வைக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.